பலாவும் தேக்கும் செதுக்க மின்னுளி: எந்த வகை வாங்கலாம்?

அரசலாற்றங்கரை (கும்பகோணம் பக்கம்)

வணக்கம். எங்களுக்கு மரச்சிற்பப் பட்டறை. அப்பா நாற்பது வருடமாகக் கோயில் வாகனம், திருவாசி, நிலைக்கதவில் கஜலட்சுமி என்று செய்துகொண்டிருக்கிறார். நான் டிப்ளமோ முடித்து மூன்று வருடமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு இப்போது வலது மணிக்கட்டிலும் தோளிலும் வலி. மதியத்துக்கு மேல் கொட்டாப்புளியை (உளியை அடிக்கும் மரச்சுத்தியல்) தூக்க முடியவில்லை. சுற்றும் பல்லால் மரத்தை அரைக்கிற டை கிரைண்டர் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் பட்டறை முழுக்கத் தூசி, அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் உளியே முன்னும் பின்னும் அடித்துக்கொண்டு போகிற மெஷின் வாங்கலாம் என்று பார்க்கிறேன். தனி மெஷின், தொங்கும் மோட்டாரில் மாட்டும் கைப்பிடி, ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுவது என்று மூன்று வகை கண்ணில் பட்டது. 20,000 ரூபாய் வரை போடலாம். எங்களிடம் வருவது பெரும்பாலும் தேக்கும் பலாவும், எப்போதாவது பூவரசும் வேம்பும். எதை வாங்குவது?

வீணைக்குடம் (தஞ்சாவூர்)

தம்பி, எந்தக் கட்டத்து வேலைக்கு என்று சொல்லவில்லையே. எங்கள் பட்டறையில் இந்த மெஷின் இரண்டு வருடமாக ஓடுகிறது. ஆனால் வீணைக் குடம் குடைய ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. ஏகாண்ட வீணை என்றால் குடம், தண்டி எல்லாம் ஒரே பலாக்கட்டையிலிருந்து வர வேண்டும். குடைவதற்கு வாச்சியும் (குறுக்கு வாய் வைத்த செதுக்குக் கோடாலி) பெரிய வளைவு உளியும்தான். மெஷின் உளி ஓர் அடிக்கு நகருகிற தூரம் மிகக் குறைவு, அதை வைத்துக் குடம் குடைவது கிணற்றைக் கரண்டியால் இறைப்பது மாதிரி. அப்புறம், சுவரின் கனம் சரியா என்று தட்டிப் பார்த்துச் சத்தத்தில் முடிவு செய்வோம். மெஷின் ஓடும்போது அந்தச் சத்தம் காதில் ஏறாது.

யாளி முகத்தைச் சுற்றி மரத்தைத் தாழ்த்துவது, பூவேலையில் பின்புலம் எடுப்பது, இதற்கெல்லாம் அருமையான சாமான். முரட்டு வேலைக்குக் கிரைண்டர், கடைசிக் கட்டத்துக்குக் கை. மெஷினுக்கு வேலை நடுவில்தான்.

மரத்தைச் சொன்னதால் ஒன்று. கஜா புயலில், 2018 நவம்பரில், ஆலங்குடிப் பக்கம் சாய்ந்த பலாவில் கொஞ்சம் வாங்கிப் போட்டிருந்தேன். நிழலில் கிடந்து இப்போது பதமாகக் காய்ந்திருக்கிறது. அதில் மெஷின் வெண்ணெயாக ஓடுகிறது. ஈரப் பலாவில் வைத்தால் பால் ஒட்டி உளி முகமே மூடிக்கொள்ளும்.

கொட்டாப்புளி (திருவாரூர்)

அப்பாவின் உளிகளைக் கடைசியாக எப்போது சாணை பிடித்துத் தீட்டினீர்கள்? கோபித்துக்கொள்ள வேண்டாம், நிஜமாகவே கேட்கிறேன். மணிக்கட்டு வலி என்று வந்தவர்களில் பாதிப் பேர் மழுங்கிய உளியோடு மல்லுக்கட்டியவர்கள். பதமான உளி இருந்தால் மென்மரத்தில் உள்ளங்கை அழுத்தமே போதும், கொட்டாப்புளி எதற்கு?

இன்னொன்று. மழுங்கிய உளியைக் கையில் வைத்திருந்தால் கை வலித்துக் காட்டிக்கொடுக்கும். மெஷினில் மாட்டினால் அது காட்டிக்கொடுக்காது, மரத்தை அடித்துப் பளபளவென்று நசுக்கிக்கொண்டே போகும். சாயம் ஏற்றும்போதுதான் திட்டுத் திட்டாகத் தெரியும்.

கதவுக்கடை (மன்னார்குடி)

இந்தக் காலத்தில் எதற்கு இவ்வளவு யோசனை? சி.என்.சி. (கம்ப்யூட்டர் சொன்னபடி தானே செதுக்கும் மெஷின்) வைத்திருப்பவரிடம் பலகையைக் கொடுத்தால் மறுநாள் கஜலட்சுமி கையில்.

கொட்டாப்புளி

எட்டு வீட்டுக்கும் ஒரே கஜலட்சுமி, ஒரே மூக்கு. சரி, அந்தச் சண்டைக்கு இந்தத் தளத்தில் தனி இழை இருக்கிறது, அங்கே வாருங்கள்.

திருவெறும்பூர் ஃபிட்டர்

நான் மரக்காரன் இல்லை, மெஷின்காரன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

மூன்று வகையிலும் மோட்டார் சுற்றத்தான் செய்கிறது. அந்தச் சுற்றலை ஒரு கேம் (ஒரு பக்கம் புடைத்த சக்கரம்) முன்பின் அடியாக மாற்றுகிறது. நல்ல மெஷினில் உளியை மரத்தில் அழுத்தினால்தான் அடி விழும், எடுத்துவிட்டால் மோட்டார் சும்மா சுற்றும். வாங்கும் முன் இதைக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். காற்றிலேயே தடதடவென்று ஆடினால் அதை வைத்து நுண்வேலை முடியாது.

தனி மெஷினில் தெரிந்த பெயர்கள் ஜப்பானின் ஆட்டோமேக், ஜெர்மனியின் ப்ராக்ஸான். தொங்கும் மோட்டார் என்றால் ஃபோர்டம். நகைப் பட்டறைகளில் கொக்கியில் தொங்குமே, கீழே கால் மிதி வைத்து, அதேதான். அதன் எஸ்.ஆர். மாடல் ஆறில் ஒரு பங்கு குதிரைத்திறன், நிமிடத்துக்கு 18,000 சுற்று. அதில் மரத்துக்கான உளிக் கைப்பிடி எச்.50சி.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நகைக்காரர்கள் கல் பதிக்க வைத்திருப்பதும் அடிக்கிற கைப்பிடிதான், ஆனால் அது சுத்தியல் கைப்பிடி. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சுத்தியல் கைப்பிடியில் மர உளி உட்காராது, உட்கார வைத்தாலும் உருப்படாது. இன்னொன்று, உளிக் கைப்பிடியை மோட்டாரின் உச்ச வேகத்தில் ஓட்டக் கூடாது. மிதியைப் பாதி அழுத்தினால் போதும், முழுக்க அழுத்தினால் கைப்பிடி சுட ஆரம்பிக்கும்.

கிரைண்டரில் மாட்டும் பவர் சிஸல் ஆஸ்திரேலியாவின் ஆர்பர்டெக் செய்வது. பெரிய சிலைக்கு நல்லது. ஆனால் நம் ஊர் நாலு அங்குல கிரைண்டரின் தண்டு எம்10 மரை, வெளிநாட்டு 115, 125 மில்லிமீட்டர் கிரைண்டருக்கு எம்14. பார்க்காமல் வாங்கினால் அலமாரியில்தான் இருக்கும்.

ஜப்பானிலோ அமெரிக்காவிலோ உறவினர் வாங்கி வருகிறார் என்றால் வோல்டேஜைக் கேளுங்கள். அங்கே 100, 120, நமக்கு 230. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், மெஷினின் வாட்டை விடக் கொஞ்சம் அதிகமாக. டிரான்ஸ்பார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. கார்பன் பிரஷ் வைத்த மோட்டாருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

புதுமரம் (பட்டுக்கோட்டை, இப்போது சிங்கப்பூர்)

என்னிடம் ப்ராக்ஸான் எம்.எஸ்.ஜி. இருக்கிறது. 50 வாட், நிமிடத்துக்குப் பத்தாயிரம் அடி. இங்கேயும் 230 வோல்ட் என்பதால் ஊருக்குக் கொண்டுவந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் நான் பொழுதுபோக்குக்குச் செய்கிறவன். மாவிலும் குமிழிலும் இதைக் கையில் பிடித்தால் சந்தோஷமாக இருக்கிறது. போன தடவை ஊரில் பழைய தேக்குத் தூண் ஒன்றில் அகல உளி மாட்டி வைத்துப் பார்த்தேன், மூச்சு வாங்கியது. குறுகின உளி மாட்டிப் பொறுமையாகப் போனால் வேலை நடந்தது. தினம் ஆறு மணி நேரம் தேக்கு என்றால் எனக்குத் தயக்கம்தான்.

இதில் ஒரு வசதி என் மாமா வீட்டில் தெரிந்தது. சாயங்காலம் கரண்ட் போனபோது வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓடியது. கிரைண்டரை அதில் போட முடியுமா?

உளிகளைப் பற்றி: அமெரிக்காவின் ஃப்ளெக்ஸ்கட் மெஷினுக்கென்றே மாற்று உளிகள் செய்கிறது. ஆட்டோமேக், ப்ராக்ஸான், ஃபோர்டம் மூன்றிலும் உட்காரும். மெஷினை மாற்றினாலும் உளி வீணாகாது. ஐந்து உளிக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. வி உளி ஒன்று, பட்டை உளி ஒன்று, மீதி வளைவு.

திருவெறும்பூர் ஃபிட்டர்

இன்வெர்ட்டர் விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் சரி. ஸ்கொயர் வேவ் என்றால் வேகம் மாற்றுகிற மிதி முரண்டு பிடிக்கும், மோட்டார் உறுமும். அப்புறம் டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஜூன் 12 கணக்கில் மேட்டூர் திறந்து குறுவை நடவு ஆரம்பித்துவிட்டால் பம்ப்செட் ஓடும் நேரத்தில் லைனில் வோல்டேஜ் படுத்துவிடும். சின்ன மோட்டார் அதைத் தாங்கிக்கொள்ளும்.

கைநரம்பு (மயிலாடுதுறை)

நான் பிசியோதெரபிஸ்ட். எல்லோரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள், கையைப் பற்றிக் கேட்கிறேன். அரசலாற்றங்கரை, உங்கள் அப்பாவுக்கு வலி மட்டுமா, விரல் மரத்துப் போவதும் உண்டா? கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், இந்த மூன்றில் குறுகுறுப்பு இருக்கிறதா? கேட்டுச் சொல்லுங்கள். பதிலைப் பொறுத்து மெஷின் மருந்தாகவும் ஆகலாம், வினையாகவும் ஆகலாம்.

அரசலாற்றங்கரை

கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, தோள்தான் என்றார். அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கிட்டு இருக்காரே, அது என்னவாம்?" அப்பா பதில் சொல்லவில்லை.

கொட்டாப்புளி அண்ணே, உளி விஷயத்தில் நீங்கள் சொன்னது பாதி உண்மை. தீட்டுவது என் வேலை. தினமும் செய்கிறேன், ஆனால் அப்பா மாதிரி வரவில்லை.

கைநரம்பு

இரவில் எழுந்து கையை உதறுவதுதான் நான் கேட்க நினைத்த அடுத்த கேள்வி. மணிக்கட்டுக்குள் போகும் நரம்பு நெருக்கப்படும்போது வருகிற அடையாளம் அது. நான் பார்க்காமல் இதுதான் என்று சொல்லவில்லை. முதலில் டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னால் நரம்பு மின்கடத்தல் சோதனை எடுங்கள். சீக்கிரம் பார்த்தால் இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை கட்டிக்கொள்வதிலேயே பலருக்குக் குறைகிறது. விட்டுவிட்டால் கட்டை விரலின் அடிச் சதை வற்றும், உளியைப் பிடிக்கவே முடியாமல் போகும்.

மெஷின் கொட்டாப்புளியின் பாரத்தைக் குறைக்கும், தோளுக்கு நிம்மதி. ஆனால் அதிர்வை நேராக உள்ளங்கைக்குள் அனுப்பும். நெருக்குண்ட நரம்புக்கு அது ஆகாது. நல்ல கைக்கே அளவு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் போட்ட விதியில் எட்டு மணி நேர வேலைக்கு அதிர்வு 2.5ஐத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது. மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர் கணக்கு. மெஷினோடு வரும் தாளில் இந்த எண் போட்டிருந்தால் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் அதிர்வு கூடுதலாக ஏறும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கீழே வையுங்கள்.

அப்பாவுக்காக மெஷின் வாங்குகிறீர்கள் என்றால் என் ஓட்டு வேண்டாம் என்பதே. நீங்கள் ஓட்ட வாங்கினால் அது வேறு பேச்சு.

வீணைக்குடம்

நல்ல நேரத்தில் சொன்னீர்கள் அம்மா. தம்பி, பின்புலம் எடுப்பதை நீங்கள் மெஷினில் செய்துவிட்டு, முகம், விரல், ஆபரணம் மட்டும் அப்பாவிடம் கொடுங்கள். கொட்டாப்புளி அதிகம் விழுவது பின்புலத்தில்தானே.

தூசியை யாரும் பேசவில்லை. டை கிரைண்டர் மரத்தை மாவாக அரைக்கிறது, இது சிராயாகச் சீவுகிறது. சிராய் கீழே விழுந்துவிடும், மாவு நெஞ்சுக்குள் போகும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 1995இல் சேர்த்துவிட்டது. உங்கள் அப்பா எழுந்து வெளியே போவது சரியான காரியம்.

ஒரு நாள் தஞ்சாவூர் வாருங்கள். எங்கள் தொங்கும் மோட்டாரை அரை நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் மரத்தையும் உங்கள் உளியையும் எடுத்து வாருங்கள்.

அரசலாற்றங்கரை (ஆறு வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். கைநரம்பு அக்கா சொன்னதேதான். இரவில் பட்டை கட்டிக்கொள்கிறார், உதறுவது குறைந்திருக்கிறது. ஆறு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

தஞ்சாவூர் போய் வீணைக்குடம் அண்ணன் பட்டறையில் ஒரு மதியம் ஓட்டினேன். தொங்கும் மோட்டார் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. கையில் இருப்பது கைப்பிடி மட்டும், மோட்டாரின் கனம் கொக்கியில். அதோடு கும்பகோணத்தில் நகைப் பட்டறைக்காரர்களின் மோட்டாரைப் பழுது பார்க்கிறவர் தெருவுக்குத் தெரு இருக்கிறார். மோட்டாரின் சுற்றலைக் குழாய்க்குள்ளே கைப்பிடிக்குக் கொண்டுபோகும் உள் கம்பி அறுந்தாலோ பிரஷ் தேய்ந்தாலோ அன்றைக்கே சரியாகிவிடும். கைப்பிடியைக் கழற்றிச் சுற்றும் கைப்பிடி மாட்டினால் பர் (சுற்றி அரைக்கும் சின்ன முனை) வேலையும் ஆகும்.

ஆன்லைனில் ஒரு கடையில் 230 வோல்ட் மோட்டாரும் உளிக் கைப்பிடியும் ஆர்டர் போட்டேன். வந்தது சுத்தியல் கைப்பிடி! ஃபிட்டர் அண்ணே, உங்கள் எச்சரிக்கை இல்லையென்றால் அதில் உளியை எப்படியாவது திணித்திருப்பேன். திருப்பி அனுப்பி மாற்றி வாங்கப் பன்னிரண்டு நாள் ஆனது. மாற்று உளி நான்கும் சேர்ந்து பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது, எவ்வளவு என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மரம் வாரியாக என் அனுபவம். பலா பிரமாதம். பூவரசும் அப்படித்தான், வெட்டின முகம் மெழுகு மாதிரி நிற்கிறது. வேம்பில் நார் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் ஒரு பக்கம் வழுவழுவென்று போய் அடுத்த விரற்கடையில் பிய்த்துவிடுகிறது. கையில் உளி இருந்தால் நார் திரும்புவது விரலுக்கு முன்கூட்டியே தெரியும், மெஷினில் பிய்ந்த பிறகுதான் தெரிகிறது. வேம்பை அப்பாவிடமே விட்டுவிட்டேன். தேக்கு செதுக்க முடிகிறது, ஆனால் முனையைத் தின்கிறது. மரத்துக்குள்ளேயே மணல்சத்து இருப்பதால் அப்படி என்று அப்பா சொல்கிறார். அரை மணிக்கு ஒரு முறை தோல்பட்டையில் தீட்டினால்தான் வெட்டுகிறது.

இனி யாரும் எனக்குச் சொல்லாத விஷயம். நாங்கள் தரையில் உட்கார்ந்து, பலகையை இரண்டு பாதத்தாலும் அணைத்துப் பிடித்து வேலை செய்கிறவர்கள். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். மெஷின் வந்த முதல் நாள் நானும் அப்படியே உட்கார்ந்தேன். வலது காலை மிதிக்குக் கொடுத்தாக வேண்டும், மிச்சம் இருப்பது இடது கால் மட்டும். பலகை அதிர்ந்து அதிர்ந்து நழுவியது. வளைவு உளி பலகை விளிம்பைத் தாண்டிப் பெருவிரல் நகத்தை உரசிக்கொண்டு போய்ப் பாயில் குத்தி நின்றது. காயம் இல்லை. அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் மெஷின் சும்மா தொங்கியது. மூன்றாம் நாள் பார்த்தால் அப்பா பழைய புளியங்கட்டை ஒன்றை அறுத்துக்கொண்டிருக்கிறார். குட்டைக் கால் வைத்த ஒரு மணை. மேலே ஒரு பக்கம் நிலையான தடுப்பு, எதிர்ப்பக்கம் சரிந்த தடுப்பு, நடுவில் ஆப்பு. பலகையை வைத்து ஆப்பைத் தட்டினால் யானை மிதித்தாலும் அசையாது. நான் தரையிலேயே உட்காரலாம், இரண்டு கையும் கைப்பிடியில், ஒரு கால் மிதியில், இன்னொரு கால் மணைக்கு அந்தப் பக்கம். மெஷினை விட அந்த மணைதான் வேலையை மாற்றியது.

இப்போது கையில் இருக்கும் நிலைக்கதவின் எட்டுப் பலகையில் ஐந்துக்குப் பின்புலம் முடித்துவிட்டேன். அப்பா முகம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

திருவெறும்பூர் ஃபிட்டர்

உள் கம்பிக்குக் கிரீஸ் வைக்க மறக்க வேண்டாம். கொஞ்சமாக. அதிகம் வைத்தால் கைப்பிடிக்குள் இறங்கிவிடும். குழாயை முழங்கை மாதிரி மடக்கி ஓட்டாதீர்கள், பெரிய வளைவாகத் தொங்கட்டும்.

புதுமரம்

மணையின் படம் ஒன்று போட முடியுமா? நான் இங்கே சாப்பாட்டு மேசையில் கிளாம்ப் போட்டு வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கொட்டாப்புளி

படம் அப்புறம் போடட்டும். ஆப்பு புளியா, கருவேலமா? சரிவு எவ்வளவு?

அரசலாற்றங்கரை

ஆப்பு கருவேலம் அண்ணே. சாணுக்கு ஒரு விரற்கடை சரிவு. அதற்கு மேல் சரிவு வைத்தால் அதிர்வில் ஆப்பு தானே கிளம்பி வருகிறது, முதல் ஆப்பு அப்படித்தான் போனது. உயரம் தரையிலிருந்து முக்கால் முழம். அப்பா தன் உட்காரும் அளவுக்குத்தான் வைத்திருக்கிறார், எனக்குக் கொஞ்சம் தாழ்வு. கேட்டதற்கு, "நானும் உட்காரணும்ல" என்றார்.

கொட்டாப்புளி

ஞாயிற்றுக்கிழமை சுவாமிமலைக்கு ஒரு வேலையாக வருகிறேன். அப்படியே பட்டறைக்கும் வந்துவிட்டுப் போகிறேன். மெஷினை நீங்களே ஓட்டுங்கள், எனக்கு வேண்டாம். உங்கள் உளிகளை மட்டும் எடுத்து வையுங்கள், தீட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.